சிறுதொழில் தொடங்க முழு வழிகாட்டி: கணக்கு நோட்டிலிருந்து ஆரம்பிப்போம்

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தொழில் ஓடும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: "ஒரு காசு வரவில்லை என்றால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்?" பலர் அதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். துணிப்பை தைத்து விற்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்தியவன் நான். ஆர்டர் இல்லாமல் திண்டாடிய நாட்கள் குறைவு. ஆர்டர் கைநிறைய இருந்தும் துணி வாங்கப் பணமில்லாமல் விழித்த நாட்கள்தான் அதிகம். லாபம் நோட்டில் இருக்கும். சம்பளம் கொடுப்பதோ கையிலிருக்கும் பணத்தில். இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்தத் தப்பைச் சுற்றியே வரும். உதாரணத்துக்குப் பை தைக்கும் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சோப்பு செய்தாலும் சரி, பழுது பார்க்கும் பட்டறை போட்டாலும் சரி, கணக்கின் போக்கு மாறாது.

படி 1: வாங்குபவர் இருக்கிறாரா என்று பாருங்கள்

மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் யாரும் "நன்றாக இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதிலும் சொந்தக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். அந்தப் பாராட்டை நம்பி மெஷின் வாங்கக் கூடாது.

உங்களுக்கு முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் பேசுங்கள். விற்கப் போகாதீர்கள், விசாரிக்கப் போங்கள். இப்போது என்ன வாங்குகிறார்கள், கடைசியாக எப்போது வாங்கினார்கள், என்ன கொடுத்தார்கள், அதில் என்ன குறை என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் உண்மை வரும்; "இனிமேல் வாங்குவீர்களா?" என்று கேட்டால் மரியாதை மட்டும்தான் வரும். என் பையின் கைப்பிடி நீளம் போதாது என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டேன். தோளில் மாட்ட முடியாத பையை யாரும் இரண்டாம் தடவை வாங்கவில்லையாம்.

அப்புறம் சின்ன அளவில் செய்து விற்றுப் பாருங்கள். இருபது, முப்பது உருப்படி போதும். மெஷின் வாடகைக்கு எடுக்கலாம், வெளியே கூலிக்குக் கொடுத்தும் தைக்கலாம். லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை. அட்வான்ஸ் கொடுக்க எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். "கண்டிப்பாக வாங்குகிறேன்" என்று சொல்லும் ஐம்பது பேரைவிட, சிறு தொகையை முன்பணமாகத் தரும் ஐந்து பேர் எனக்குப் பெரிது.

படி 2: அடக்க விலையைக் கூச்சமில்லாமல் போடுங்கள்

ஒரு பைக்குத் துணி 30, ஜிப்பும் கைப்பிடியும் 12, நூலும் லேபிளும் 3, தையல் கூலி 15. ஆக 60. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் நூறு பை தைத்தால் நாலு பையில் தையல் கோணலாகும், ஜிப் சிக்கும், துணியில் கறை இருக்கும். அந்த நாலுக்கும் செலவு செய்தாகிவிட்டது, விற்பது 96தான். 6,000 செலவை 96-ஆல் வகுத்தால் ஒரு பை 62.50. இரண்டரைதானே என்று தோன்றும். ஆயிரம் பைக்கு அது 2,500.

கணக்கில் விட்டுப்போகும் மற்றவை: சரக்கை ஏற்றி இறக்கும் கூலி, பேக்கிங், இலவசமாகக் கொடுக்கும் மாதிரிகள், பணம் வாங்கும் செயலிகள் பிடிக்கும் கமிஷன், திரும்பி வரும் சரக்கின் போக்குவரத்துச் செலவு. உங்கள் தொழிலில் இவற்றுக்கு என்ன ஆகிறதோ அதையும் அடக்கத்தில் சேர்த்துவிடுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் இங்கே 62.50-லேயே நிற்கிறேன்.

அடுத்து விலை. இங்கே அனுபவசாலிகளே வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 60-க்கு அடங்குவதன் மேல் 40 சதவீதம் வைத்து 84-க்கு விற்பவர், தனக்கு 40 சதவீதம் மார்ஜின் நிற்கிறது என்று நினைப்பார். விற்ற 84-இல் நிற்பது 24. அதாவது விற்பனையில் சுமார் 28.5 சதவீதம்தான். விற்பனையில் 40 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் விலை 100 ஆக இருக்க வேண்டும். வாடகையும் சம்பளமும் விற்ற பணத்திலிருந்து போகின்றன. அதனால் சதவீதத்தையும் விற்ற பணத்தின் மேல்தான் பார்க்க வேண்டும்.

தள்ளுபடியையும் இதே கண்ணோடு பாருங்கள். 100-க்கு விற்று 40 நிற்கும் பொருளுக்குப் பத்து சதவீதம் குறைத்தால் நிற்பது 30. பழைய லாபத்தையே எடுக்க விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். மார்ஜின் 25 சதவீதமே உள்ள பொருள் என்றால், அதே பத்து சதவீதத் தள்ளுபடிக்கு மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக விற்றாக வேண்டும். "பத்து பர்சென்ட்தானே, குறைத்துக்கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது இந்தக் கணக்கு மனதில் ஓடினால் பேரம் பேச தைரியம் தானாக வரும்.

படி 3: எத்தனை விற்றால் கை கடிக்காது?

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவுகளைக் கூட்டுங்கள்: வாடகை, மின்சாரம், போன், காப்பீடு, கடன் தவணை. உங்கள் சம்பளத்தையும் இதில் சேருங்கள். முதலாளிக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பவர்கள், வேறு ஒருவரை வைத்து அந்த வேலையைச் செய்தால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று யோசிக்கட்டும். சம்பளம் போடாத முதலாளி, தேவைப்படும்போதெல்லாம் கல்லாவில் கைவைப்பார். எவ்வளவு எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது.

அந்த மாதச் செலவு 24,000 என்று வைப்போம். பை 100-க்குப் போகிறது, அடக்கம் 62.50, ஒரு பைக்கு நிற்பது 37.50. 24,000-ஐ 37.50-ஆல் வகுத்தால் 640. மாதம் 640 பை விற்றால்தான் கை கடிக்காது. அதற்கு மேல் விற்பதில் வருவதுதான் லாபம். வேலை நாள் 26 என்றால் தினம் 25 பை.

இந்த 25 நடக்கிற காரியமா? ஒரு பை தைக்க 25 நிமிடம் என்றால், எட்டு மணி நேரத்தில் ஒருவர் தைப்பது 19 பை. அப்படியானால் முதல் நாளிலிருந்தே இரண்டாவது தையல்காரர் வேண்டும், இரண்டாவது மெஷின் வேண்டும். இதைத் தாளில் கண்டுபிடித்தால் செலவு ஒரு பேனா மை. வாடகைக்கு இடம் பிடித்த பிறகு கண்டுபிடித்தால் மாதாமாதம் வலிக்கும்.

படி 4: முதல் போடுவது, கடன் வாங்குவது

கையில் இருக்கும் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். மெஷின், இடம், உரிமம் என்று ஒரே தடவை போடுவது ஒரு பங்கு. சரக்கு வாங்கி, விற்று, பணம் திரும்பும் வரை சுழல வேண்டிய நடைமுறை மூலதனம் ஒரு பங்கு. வீட்டுச் செலவுக்குக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு பங்கு. இந்த மூன்றாவதைத் தொடவே கூடாது. புதியவர்கள் முதல் பங்கிலேயே முக்கால்வாசியைக் கொட்டிவிடுவார்கள். பெயர்ப்பலகையும் கண்ணாடி மேஜையும் பளபளக்கும். சரக்கு வாங்கக் காசிருக்காது. பழைய மெஷின் நன்றாக ஓடினால் அதுவே போதும். ஆர்டர் நெருக்கித் தள்ளும்போது புதிது வாங்கிக்கொள்ளலாம்.

கடன் வாங்குவது தப்பில்லை. பல வருடம் உழைக்கும் மெஷினைக் குறுகிய காலக் கடனில் வாங்குவது தப்பு. மெஷின் சம்பாதித்துக் கொடுப்பதற்குள் கடன்காரர் வாசலில் நிற்பார். பொருள் எத்தனை காலம் உழைக்குமோ, கடனும் கிட்டத்தட்ட அத்தனை காலத்துக்கு இருக்கட்டும்.

வட்டியைக் கேட்கும்போது, அது தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கா, குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கா என்று கேளுங்கள். 12,000 கடனுக்கு வருடம் 12 சதவீதம் என்று 1,440 சேர்த்து, பன்னிரண்டு தவணையாக மாதம் 1,120 கட்டச் சொன்னால், கேட்க 12 சதவீதம்தான். ஆனால் அசலை மாதாமாதம் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முழு 12,000 உங்கள் கையில் இருந்தது முதல் மாதம் மட்டும். குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கும் மேல் வரும்.

கூட்டாளி சேர்ந்தால், அவர் கூடப் பிறந்தவரே ஆனாலும், யார் எவ்வளவு போடுகிறார், யார் உழைக்கிறார், உழைப்புக்குச் சம்பளம் எவ்வளவு, ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.

படி 5: பதிவும் வரியும்

இது இடத்துக்கு இடம், தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதால் நீட்டவில்லை. உங்கள் பகுதியில் என்ன உரிமம் வேண்டும், எப்போதிலிருந்து வரிப் பதிவு வேண்டும் என்பதைக் கணக்கர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் வீணாகாது. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும். வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி உங்கள் பணம் கிடையாது. வந்த அன்றே அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கட்டவேண்டிய தேதியில் அது துணியாகவும் ஜிப்பாகவும் அலமாரியில் கிடக்கும்.

படி 6: நோட்டு

1494-இல் வெனிஸ் நகரில் லூகா பாசியோலி என்ற துறவி தம் கணித நூலில் கணக்கு எழுதும் முறையை விவரித்தார். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஊர் வியாபாரிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை ஒழுங்காக எழுதிவைத்தார், அவ்வளவுதான். நடந்ததை உடனுக்குடன் கிறுக்கிவைக்க ஒரு குறிப்பேடு, அதைத் தேதிவாரியாக ஒழுங்குபடுத்தும் நாள்வழி, ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்துப்போடும் பேரேடு. ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும், கணினியில் கணக்குப் போட்டாலும், உள்ளே இருக்கும் எலும்புக்கூடு இதுதான்.

சின்னத் தொழிலுக்கு ஆரம்பத்தில் மூன்று பக்கம் போதும். ஒன்றில் தினசரி வரவு செலவு. மாலையில் கல்லாவை எண்ணி, நோட்டில் இருக்கும் இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அன்றே தேடுங்கள்; மூன்று நாள் கழித்தால் யாருக்கும் நினைவு இருக்காது. இரண்டாம் பக்கத்தில் நமக்கு வரவேண்டிய பாக்கி: யார், எவ்வளவு, எந்தத் தேதி. மூன்றாம் பக்கத்தில் நாம் கொடுக்க வேண்டிய பாக்கி, அதே முறையில்.

செயலியில் எழுதுவதா காகிதத்திலா என்று கேட்பார்கள். எதில் தினமும் எழுதுவீர்களோ அதில். நான் வாங்கிய விலையுயர்ந்த மென்பொருளை இரண்டே வாரம்தான் திறந்தேன்.

படி 7: வியாபாரம் பெருகும்போது பணம் எங்கே போகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது: 1,500 பை. விலை 100, மொத்தம் 1,50,000. அடக்கம் 93,750. சந்தோஷத்தில் எதையும் பேசவில்லை. துணிக்கும் ஜிப்புக்கும் ரொக்கமாகக் கொடுத்தேன். தைத்து அனுப்ப 20 நாள். பணம் 60 நாளில் என்றார்கள். அடுத்த மாதமும் அதே அளவு ஆர்டர், அதற்கடுத்த மாதமும். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

இப்போது நாட்களை எண்ணுங்கள். துணி வாங்கிய நாளிலிருந்து பணம் வர 80 நாள். அதற்குள் மூன்று ஆர்டருக்குத் துணி வாங்கியாக வேண்டும். முதல் காசு வருவதற்கு முன் என் கையிலிருந்து போக வேண்டியது 93,750 இல்லை. அதைப் போல மூன்று மடங்கு, 2,81,250. போதாக்குறைக்கு 60 நாள் என்றது 75 ஆனது. நாலாவது ஆர்டருக்கும் துணி வாங்க வேண்டியிருந்தது. நோட்டில் லாபம் ஏறிக்கொண்டே போனது. நானோ தையல்காரரிடம் "ரெண்டு நாள் பொறுத்துக்கங்க அண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கித்தான் சமாளித்தேன். அந்த நாலு ஆர்டரின் லாபத்தில் பெரும் பகுதி வட்டியாகவே போனது.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட வழக்கங்கள் இவை. மூலப்பொருள் செலவுக்காவது அட்வான்ஸ் வாங்காமல் துணி வெட்டுவதில்லை. பெரிய ஆர்டரை 500, 500 ஆகப் பிரித்து அனுப்புவது. முதல் 500-க்குப் பணம் வந்தால்தான் மூன்றாவது 500 வண்டி ஏறும். சரக்கு போகும் அன்றே பில்லும் போகும், பில்லில் "60 நாள்" என்று எழுதாமல் தேதியையே எழுதுவேன். தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு போன்: "பில் கிடைத்துவிட்டதா சார், ஏதாவது திருத்தம் இருக்கிறதா?" பணம் கேட்டது போலவும் இருக்காது, "பில்லே வரவில்லையே" என்ற சாக்குக்கும் இடமிருக்காது. துணி தருபவரிடமும் 30 நாள் தவணை பேசினேன். ஒரு வருடம் ஒழுங்காகப் பணம் கொடுத்த பிறகுதான் அவர் சம்மதித்தார்.

கூடவே, அடுத்த எட்டு வாரத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு வாரத்துக்கும் வரப்போவது, போகப்போவது, மிஞ்சுவது. வரவை மட்டும் அவர்கள் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தள்ளி எழுதுங்கள். ஆறாவது வாரத்தில் இருப்பு மைனஸில் போவது இன்றைக்கே தெரிந்தால் பேசித் தீர்க்க வழி இருக்கிறது.

வராக்கடன் பற்றி ஒரே ஒரு கணக்கு. எல்லாச் செலவும் போக 100-க்கு 10 நிற்கும் தொழிலில் ஒருவர் 1,000 ஏமாற்றினால், அதை ஈடுகட்ட 10,000-க்கு விற்க வேண்டும். "பெரிய பார்ட்டி, எப்படிக் கேட்பது" என்று தயங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் போனால், அவர் வாடிக்கையாளர் என்ற நிலை மாறி உங்கள் முதலாளி ஆகிவிடுவார்.

படி 8: தேங்கும் சரக்கு

மாதம் ஒரு தடவை அலமாரியைத் திறந்து எண்ணுங்கள். ஆறு மாதமாக அசையாத சரக்கு இருந்தால் அடக்க விலைக்குக் கீழேயாவது தள்ளிவிடுங்கள். மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் பாதிப் பணமாவது கையில் வந்து நன்றாக ஓடும் சரக்காக மாறினால் நாலைந்து சுற்றில் நஷ்டம் தீர வாய்ப்புண்டு. மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்று வாங்கிக் குவிப்பதும் இந்தக் கதையில்தான் முடியும்.

படி 9: வாடிக்கையாளரும் வேலையாட்களும்

விளம்பரத்துக்கு முன்னால் ஏற்கெனவே வாங்கியவர்களைப் பாருங்கள். ஒருவர் பை கைப்பிடி பிய்ந்துவிட்டது என்று சொன்னால், யார் தப்பு என்று விசாரணை வைக்காமல் முதலில் மாற்றிக் கொடுங்கள். அப்புறம் பிய்ந்த பையை எடுத்து மேஜையில் வைத்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்ததில், கைப்பிடி சேரும் இடத்தில் ஒற்றைத் தையல் மட்டும் ஓடியிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து பெட்டி போல நாலு பக்கமும் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போல இன்னொரு தையல். பைக்கு ஒரு நிமிடம் கூடுதல் ஆனது. கைப்பிடிப் புகார் பிறகு வரவில்லை.

விலை ஏற்ற வேண்டி வந்தால் ஒரு மாதம் முன்னாடியே சொல்லுங்கள், ஏற்கெனவே கொடுத்த ஆர்டரைப் பழைய விலையிலேயே முடித்துக்கொடுங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் போக மாட்டார்கள். அளவைச் சத்தமில்லாமல் குறைத்தால் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள், அப்போது சொல்லாமலே போய்விடுவார்கள்.

ஆள் வைக்கும்போது, நிரந்தரமாக எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் கூலி கொடுத்து வேலை செய்ய வைத்துப் பாருங்கள். தைத்த பைக்கு இவ்வளவு என்ற கூலியில் வேகம் வரும், ஆனால் தரம் நழுவும். அதனால் தேறிய பைக்குத்தான் கூலி என்பதையும், எது தேறும் என்பதையும் முதலிலேயே ஒரு மாதிரிப் பையை ஆணியில் மாட்டிக் காட்டிவிட வேண்டும். சம்பளத் தேதி மட்டும் தவறவே கூடாது. நல்ல தையல்காரர் ஒரு தடவை பொறுப்பார், இரண்டாம் தடவை வேறு இடம் பார்ப்பார்.

படி 10: மாதம் அரை நாள்

மாதக் கடைசியில் போனை அணைத்துவிட்டு அரை நாள் உட்காருங்கள். விற்பனை எவ்வளவு, மார்ஜின் எத்தனை சதவீதம், வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, கையிருப்பு எத்தனை வாரம் தாங்கும் என்று பாருங்கள். விற்பனை ஏறி, பாக்கி அதைவிட வேகமாக ஏறினால் அடுத்த ஆர்டரை எடுப்பதற்கு முன் வசூலுக்குப் போங்கள்.

தொடங்கும் அன்றே இன்னொன்றையும் எழுதிவைக்கச் சொல்வேன்: எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்று. "வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய பங்கைத் தொட வேண்டி வந்தால்" என்றோ, "பதினெட்டு மாதத்தில் 640 பையைத் தொடாவிட்டால்" என்றோ, உங்களுக்குப் பொருந்துவதை எழுதுங்கள். பணம் கரையும்போது புத்தி "இன்னும் ஒரே ஒரு மாதம்" என்று கெஞ்சும். அப்போது காட்ட உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கட்டும். நிறுத்துவது என்று முடிவானால் புது ஆர்டர் எடுக்காமல் கையில் உள்ளதை முடித்துக்கொடுங்கள், சம்பளப் பாக்கியைத் தீருங்கள், வாங்கிய அட்வான்ஸைத் திருப்புங்கள், துணி தந்தவர்களிடம் நேரில் போய்த் தேதி சொல்லுங்கள். மெஷினை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே விலை பேசுங்கள். பூட்டிய அறையில் ஆறு மாதம் தூசி படிந்த பிறகு, வாங்க வருபவர் சொல்வதுதான் விலை.